கேத்திக்கு வந்த தாழ்ந்த பிக்கப்

கோவையில் பழைய வண்டியாக நான் வாங்கிய 2017 மாடல் இசுசூ டி-மாக்ஸ் வி-கிராஸின் முன்பக்கத்தை அதன் முதல் உரிமையாளர் தாழ்த்தி வைத்திருந்தார். அவிநாசி சாலையில் ஓட்டிப் பார்த்தபோது அந்தத் தாழ்வு எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் கேத்தியிலுள்ள எங்கள் தோட்டத்துக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே நான்கைந்து முறை போய் வந்ததுமே வண்டியின் குறை வெளிப்பட்டுவிட்டது. குன்னூரிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தால் பாரம் முழுவதும் முன்பக்கம் சாயும். ஏற்கெனவே ஒடுங்கிக் கிடந்த சஸ்பென்ஷன் மேலே போக இடமின்றி, பம்ப் ஸ்டாப் எனும் ரப்பர் தடுப்பில் டமாரென்று இடிக்கும். அதே நேரத்தில் ஒரு பள்ளம் வந்துவிட்டால் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளத்தாக்குமாக உள்ள சாலையில் அந்த இழுப்பை நான் ஒருநாளும் அலட்சியமாக எண்ணவில்லை.

எட்டாயிரம் கிலோமீட்டருக்குள் முன் டயர்கள் இரண்டும் போய்விட்டன. வெளியிலிருந்து பார்த்தால் டயரின் வரிப்பள்ளங்கள் புதிதுபோல் இருக்க, சக்கரத்தைக் கழற்றி உள்விளிம்பில் கை வைத்தபோது ரப்பர் தேய்ந்து கம்பி இழை விரலில் குத்தியது. குன்னூரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் டயரைப் பார்த்துவிட்டு, "அலைன்மென்ட் பண்ணி ஒண்ணும் ஆகாதுங்கண்ணா, ஸ்பிரிங்கைப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். கழற்றியதும் விஷயம் விளங்கியது. கம்பெனி ஸ்பிரிங்கையே கட்டரால் ஒரு சுற்றுக்கு மேல் அறுத்திருந்தார்கள். அறுத்த முனை கருகியிருந்தது. ஸ்பிரிங் அமரும் கீழ்க்கிண்ணத்தின் பள்ளத்தில் அது பொருந்தாமல் உலோகத்தில் ஆழமாகக் கீறல் போட்டிருந்தது.

ஸ்பிரிங்கை அறுத்தால் வண்டி தாழும் என்பது உண்மைதான். ஆனால் சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும் என்பதை இந்த வேலையைச் செய்பவர்கள் யாரும் சொல்வதில்லை. எட்டுச் சுற்றில் ஒன்றை எடுத்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. இதற்கு நடுவே ஷாக் அப்சர்பர் பழைய நீளத்திலேயே இருப்பதால், அது எப்போதும் வழக்கத்தைவிட அதிகமாக அழுந்திய நிலையிலேயே உழைக்கிறது. ஆக, சக்கரம் மேலே போவதற்கான இடமும் குறைகிறது, போகும்போது முரட்டுத்தனமும் கூடுகிறது.

கம்பெனி ஸ்பிரிங்கைப் புதிதாக வாங்கிப் போட்டிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும். ஆனால் வளைவுகளில் வண்டியின் உடல் சாய்வது குறைய வேண்டும் என்பதற்காக, கம்பெனி உயரத்தைவிட 25 மில்லிமீட்டர் மட்டும் தாழ்வாக வைத்துக்கொள்ள விரும்பினேன். அந்த உயரத்திலும் சக்கரம் மேலும் கீழும் போய்வரப் போதிய இடம் வேண்டுமென்றால், அதற்கேற்ற நீளமுள்ள ஷாக்கும், மரையிட்ட உடலில் ஏற்றி இறக்கக்கூடிய வளையத்தின் மீது அமரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த காயில்ஓவர்தான் சரியான வழி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களுக்கு வரம்பு விதிப்பதால், வேலையைத் தொடங்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

காயில்ஓவரோடு, சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கைகளில் மேலுள்ளதான அப்பர் ஆர்மையும் மாற்றினேன். காயில்ஓவர் மட்டும் போதாதா, அப்பர் ஆர்ம் எதற்கு என்று என் மைத்துனர் கேட்டார். இந்த வண்டியின் முன்பக்கத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம்கள் உள்ளன, மேலுள்ளது குட்டை. வண்டி தாழும்போது இரண்டும் மேல்நோக்கிச் சாய்கின்றன; குட்டையான ஆர்ம் சிறிய வட்டத்தில் சுழல்வதால் சக்கரத்தின் தலையை உள்ளே இழுத்துவிடுகிறது. என் டயரின் உள்விளிம்பு தேய்ந்ததற்குப் பெரும்பங்கு காரணம் இந்தக் கேம்பர் மாற்றம், அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தில் வந்த மாற்றம்தான். ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் சுழலும் வட்டமும் ஆர்ம் சுழலும் வட்டமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் பள்ளத்தில் சக்கரம் தானாகத் திரும்புகிறது. ஸ்டியரிங் இழுத்தது அதனால். புதிய அப்பர் ஆர்மில், சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் சற்று வெளியேயும் பின்னேயும் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. இதனால் கேம்பர் திருந்துவதோடு, சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணமான காஸ்டரும் கூடுகிறது. முன்பு ஒன்றரை டிகிரியாக இருந்த காஸ்டர் இப்போது மூன்றரை. கொண்டை ஊசியில் திருப்பிய ஸ்டியரிங் கைப்பிடியைத் தளர்த்தியதும் தானே நேராக வருகிறது.

வேலையின்போது நான் கற்றவற்றில் முதன்மையானது, ஆர்மின் உள்மூட்டிலுள்ள ரப்பர் உறையான புஷ்ஷை இறுக்கும் முறை. ரப்பர் புஷ் சுழலும் தாங்கி அல்ல. உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியிருக்க, ஆர்ம் அசையும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய கணமே ரப்பர் முறுக்கிய நிலைக்குப் போய்விடும். நிற்கும்போதும் முறுக்கிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் பிடித்துவைத்து, லோயர் ஆர்மின் கீழ் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு அதை ஏற்றி, அதன்பின்னரே மெக்கானிக், குறித்த விசைக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். இந்த ஒரு வேலைக்கே ஒரு மதியம் ஆனது. அவர் அவசரப்படாதது எனக்கு நிறைவாக இருந்தது.

உயரம் வைப்பதிலும் பொறுமை வேண்டியிருந்தது. ஸ்பிரிங் நிற்பது சக்கரத்தின் மேல் அல்ல, ஆர்மின் நடுப்பகுதியில். எங்கள் அளவில், உள்மூட்டிலிருந்து சக்கரம் வரையுள்ள தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கில் அது நிற்கிறது. வளையத்தை 6 மில்லிமீட்டர் ஏற்றினால் வண்டி 10 மில்லிமீட்டர் உயர்கிறது. விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கப்படிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இதை அறியாமல் விறைப்புக்கான எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஸ்பிரிங் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள்.

பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் ஸ்டியரிங்கை இரு முனைவரை திருப்பியபோது இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டோம். முகப்பு விளக்கின் கோணத்தையும் மீண்டும் வைத்தோம். மூக்கு உயர்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் விழும். மூடுபனி இறங்கிய இரவில் அது இன்னும் மோசம்.

மரைகளில் செம்மண்ணும் ஈரமும் சேர்ந்தால் வளையம் இறுகி அசையாது. அதனால் துருவைத் தடுக்கும் கிரீஸ் தடவி, மாதம் ஒருமுறை பிரஷ் வைத்துத் துடைக்கிறேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சோதித்தபோது, புதிய ஸ்பிரிங்குகள் அமர்ந்ததில் ஓட்டுநர் பக்கம் 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. வளையத்தை 3 மில்லிமீட்டர் ஏற்றிப் பூட்டுவளையத்தை இறுக்கினோம். உயரம் மாறியதால், வருகிற சனிக்கிழமை மறுபடியும் வீல் அலைன்மென்டுக்கு ஊட்டிக்குப் போகவேண்டும்.