உத்திரமேரூரில் ஓர் உழவார ஞாயிறு

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டில் உத்திரமேரூர் பஸ் ஏறியபோது இன்னும் விடியவில்லை. அந்த ஊர்ப் பெருமாள் சுந்தரவரதரைச் சேவிக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. ஆனால் அன்றைக்குக் கிளம்பியதற்குக் காரணம் வேறு. அந்த ஊர்க்காரர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடி, ஊரோரத்தில் ஒருகால பூஜை மட்டும் நடக்கிற ஒரு சின்ன சிவன் கோயிலில் உழவாரப்பணி, அதாவது புல் செதுக்கிக் கோயிலைச் சுத்தம் பண்ணும் தொண்டு, செய்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். "வெளியூர்க்காரங்க வரலாமா?" என்று கேட்டேன். "கையும் காலும் இருந்தா போதும்" என்றார்.

உழவாரம் என்றதும் எல்லோருக்கும் அப்பர் நினைவுக்கு வருவார். எனக்கு முதலில் வருவது அவருடைய தமக்கை திலகவதியார். தம்பி சமணத்துக்குப் போய்விட்ட காலத்தில் திருவதிகைக் கோயிலைப் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை தொடுத்தபடி காத்திருந்தவர். அந்தத் தம்பிதான் பின்னால் திருவாரூர்த் திருத்தாண்டகத்தில், பொழுது புலருமுன் கோயிலை அலகிட்டு மெழுகு என்று தன் நெஞ்சுக்குச் சொல்கிறார். அக்காவிடம் கற்றது அது என்று நான் நம்புகிறேன்.

கோயிலுக்குப் போனபோது ஏழு மணி. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர், மளிகைக்கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி. "சிவாயநம" என்று கும்பிட்டார்கள். பெயர்கூடக் கேட்காமல் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்தார்கள்.

வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். எல்லோரும் அவரை ஐயா என்றே கூப்பிட்டார்கள். வெளிச்சுற்றில் நெருஞ்சியும் பார்த்தீனியமும் மண்டிக் கிடந்தன. அதைச் செதுக்குவது சுலபம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கஷ்டமான வேலை விமானத்தின் மேல் முளைத்திருந்த அரசங்கன்றுதான். ஒரு பையன் ஏறிப் பிடுங்கப் போனான். ஐயா கீழிருந்தே கத்தினார்: "தம்பி, இழுக்காதே! வேர் கல்லோட வந்துடும்."

காக்கை எச்சத்தில் விழுந்த ஒரு விதை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நூல் மாதிரி வேர் விட்டு, பத்துப் பதினைந்து வருடத்தில் ஒரு கோபுரத்தையே பிளந்துவிடும். பிடுங்கினால் மூட்டு கழன்றுவிடும், மேலே வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். அதனால் அடியோடு அறுத்து, அறுத்த இடத்தில் குழி செய்து பெருங்காயத்தைக் குழைத்து வைத்துக் கட்டினார்கள். வேர் உள்ளேயே பட்டுப்போகும் வரை மாதாமாதம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமே என்று கேட்டேன். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக் கல்லை அரிக்கும் என்றார் ஐயா. சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கிற பழைய சாந்துதான் கல்லோடு ஒத்துப்போகுமாம். அதற்கும் தெரிந்த ஸ்தபதி வந்து பார்த்து, அறநிலையத் துறையின் அனுமதியும் கிடைக்க வேண்டும். "நம்ம வேலை சுத்தம் பண்றது. கட்டறது நம்ம வேலை இல்ல" என்றார். அந்த எல்லையை அவர் அறிந்து வைத்திருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்வக்கோளாறில் மணல்வீச்சு இயந்திரம் வைத்து அடித்து, ஆயிரம் வருட எழுத்து தேய்ந்துபோன கோயில்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும் அப்படி ஒரு தவறு செய்யப் பார்த்தேன். அர்த்தமண்டபத்தின் தெற்குச் சுவரில் பல அடுக்காய்ச் சுண்ணாம்பு அடித்திருந்தது. கம்பி பிரஷை எடுத்துத் தேய்க்கப் போனபோது பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கம்பி வேணாம்மா. சாமி மேல கீறுவியா?" மூங்கில் சிம்பு ஒன்றும் தேங்காய் நாரும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தார். நனைத்து, ஊறவிட்டு, உரித்து, மறுபடி நனைத்து. ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை அகலம்தான் உரிந்தது. அங்கே ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் ஒரு வளைவு. ஆசிரியர் வந்து டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். நிழல் விழுந்ததும் எழுத்து எழுந்து நின்றது. "விளக்கு" என்று படித்தார்.

அந்த ஒரு சொல்தான். முன்னும் பின்னும் சுண்ணாம்புக்குள் இருந்தது. சோழர் காலத்தில் அணையாமல் எரிகிற ஒரு நந்தாவிளக்குக்கு நெய் கிடைக்க 90 ஆடோ 96 ஆடோ கோயிலுக்குக் கொடுப்பார்கள். கிழடுதட்டிப் போவதற்குள் குட்டிகளால் மந்தை நிரம்பிவிடும் என்பதால் அவற்றுக்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். இங்கேயும் யாரோ, யாருக்காகவோ, அப்படி ஒரு விளக்கு வைத்திருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசிரியர் அதைப் படம் எடுத்து, கல்வெட்டுப் படிப்பவர்களுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

மதியம் புளியோதரையும் தயிர்சாதமும். பிறகு என்னை ஊருக்குள் அழைத்துப்போனார்கள். சுந்தரவரதர் கோயில் பல்லவன் தந்திவர்மன் காலத்தது. அஷ்டாங்க விமானம், மூன்று தளம். கீழே நின்ற கோலம், நடுவில் அமர்ந்த கோலம், மேலே பள்ளிகொண்ட கோலம். குறுகலான படியில் ஏறி அனந்தசயனரைச் சேவித்தபோது, காலையிலிருந்து இருந்த முதுகுவலி எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனந்தவல்லித் தாயார் சந்நிதியில் தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில். ஊர்ச்சபை வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், 919-லும் 921-லும் வெட்டியவை. 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), நிற்பவருக்கு வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டுகிற சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வது, எல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். அது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த பிரம்மதேய ஊர், எல்லோருக்கும் அதில் இடம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஐயா விரல் காட்டிச் சொன்னது வேறு: "வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமில்ல, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாது." ஏரியைக் காக்க ஏரி வாரியத்தில் ஆறு பேர். தோட்டத்துக்குத் தனி வாரியம். வயிரமேகத் தடாகம் என்ற ஊர் ஏரியில் தூர் வாரவே பொன் முதல் வைத்தவர்கள் உண்டு. உழவாரக் குழுவுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. சுண்ணாம்பு, கயிறு, பெருங்காயம், வேன் வாடகை என்று ஒவ்வொரு ரூபாயும் அதில் இருக்கிறது. காலையில் நான் கொடுத்த நூறு ரூபாயையும் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

குழம்பேஸ்வரர் கோயில் வழியாகத் திரும்பினோம். 2020 டிசம்பரில் ஊர் மக்களே முன்வந்து திருப்பணி தொடங்கியபோது, கருவறைக்கு முன்னிருந்த படிக்கல்லின் அடியில் அரைக் கிலோவுக்கும் மேல் தங்கம் கிடைத்தது இங்கேதான். இது எங்கள் சாமியுடையது, திருப்பணி முடியும்போது இங்கேயே வைக்க வேண்டும் என்று ஊரே நின்று வாதாடியது. கடைசியில் பேச்சுவார்த்தைக்குப் பிறகு அரசிடம் ஒப்படைத்தார்கள். சட்டம் சரிதான். ஆனால் யாரும் தனக்கென்று கேட்கவில்லை, சாமிக்கென்றே கேட்டார்கள். வாசலில் நின்று கும்பிட்டபோது அந்த ஊரார்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

சாயங்காலம் மறுபடி அந்தச் சின்னக் கோயில். குருக்கள் ஐயா வந்து திரை விலக்கினார். பாட்டி ஓர் அகலில் எண்ணெய் விட்டு என்னிடம் நீட்டினார். சுவரிலோ எழுத்தின் மேலோ புகை படாதபடி, மண்டபத்துக்கு வெளியே விளக்கு மாடத்தில் வைத்தேன். பேத்தி தமிழ்ப் பதிகம் ஒன்று பாடினாள், நடுவில் ஓர் அடி மறந்துபோய்ப் பாட்டி எடுத்துக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை ஐயா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். அடுத்த முறையும் வரலாமா என்று கேட்டேன். "தாராளமா வாங்கம்மா. வர்றப்போ பழைய பருத்தித் துணி இருந்தா எடுத்துட்டு வாங்க. தூண் துடைக்க நைலான் ஆகாது."