இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

மே 2

சைக்கிளை இரண்டாவது கியரில் எழுந்து நின்று மிதித்தால் திடீரென்று காலடியில் ஒன்றுமே இல்லை. பெடல் அரைச்சுற்று சும்மா ஓடி, பிறகு டப்பென்று பிடிக்கிறது. உட்கார்ந்து மிதித்தால் வருவதில்லை. எழுந்தால்தான்.

21-ஆம் தேதி ஏற்றத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

மே 3

கேபிள் சரிசெய்தது. முறை மாறாமல்:

பின் சக்கரத்தின் வலப்பக்க நட்டின் வாயில் இருக்கும் சின்னச் சங்கிலியைக் கழற்றி, மறுபடி உள்ளே கடைசிவரை கையால் திருகி, கேபிளின் நேருக்கு வரும்வரை மட்டும் பின்னால் திருப்ப வேண்டும். அரைச்சுற்றுக்கு மேல் போகக் கூடாது. போனால் சங்கிலி மரையில் அரைகுறையாகத் தொங்கும், ஒருநாள் மரையோடு பிய்ந்து வரும். பிறகு லீவரை இரண்டில் வைத்து நட்டின் பக்கவாட்டு ஓட்டை வழியே பார்க்க வேண்டும். சங்கிலி சேரும் கம்பியின் தோள்பகுதி ஆக்சில் முனையோடு சமமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை, உள்ளே தள்ளி இருந்தது. இறுக்கினேன், நின்றது. ஒன்றில் போட்டால் கேபிள் விறைப்பு, மூன்றில் கொஞ்சம் தொய்வு. எல்லாம் புத்தகத்தில் இருப்பது போலவே.

மே 4

நழுவியது. மறுபடி அரைச்சுற்று இறுக்கம்.

மே 5

நழுவியது.

மே 6

ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏடபிள்யூ: பின் சக்கரத்தின் நடுவில், மூன்று கியரும் உள்ளே அடங்கிய ஹப். அதன் ஓட்டில் 62, பக்கத்தில் 4 என்று குத்தியிருக்கிறது. 1962 ஏப்ரலில் செய்த ஓடு. உள்ளே இருப்பதும் அதே வயதா என்பது வேறு விஷயம், இத்தனை வருடத்தில் உள்ளுறுப்பை யாராவது மாற்றியிருக்கலாம்.

இந்த ஹப்பின் கணக்கு எளிது. ஆக்சிலோடு ஒட்டிய நடுப் பல்சக்கரத்துக்கு 20 பல், அதைச் சுற்றி ஓடும் நான்கு சின்னப் பல்சக்கரங்களுக்கும் தலா 20, வெளிவளையத்துக்கு உட்புறமாக 60. இருபதை அறுபதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 1.333, அது மூன்றாவது கியர். அதைத் தலைகீழாக்கினால் 0.75, முதல் கியர். இரண்டு நேரடி. செயின் எவ்வளவு சுற்றுகிறதோ சக்கரமும் அவ்வளவே.

எதை எதோடு சேர்ப்பது என்பதைக் கூட்டல் குறி வடிவில் ஒரு கிளட்ச் தீர்மானிக்கிறது. கேபிள் இழுக்காதபோது ஸ்பிரிங் அதை இடப்பக்கம் தள்ளி வைக்கும், அது மூன்று. பாதி இழுத்தால் வெளிவளையத்தைப் பிடிக்கும், இரண்டு. முழுதும் இழுத்தால் வெளிவளையத்தின் நாக்குகளை (ஓட்டைப் பிடித்துச் சுழற்றும் சின்ன ஸ்பிரிங் கொக்கிகள்) மடக்கிவிடும், ஒன்று. மூன்றை விட்டுவிட்டு இரண்டை இன்னும் பிடிக்காத ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. கிளட்ச் அங்கே நின்றால் எதுவும் எதையும் பிடிக்காது. பெடல் காற்றில் சுற்றும்.

இது பழுது இல்லை, பழைய ஏடபிள்யூவின் அமைப்பே இப்படி. 2000-இல் நிறுவனம் சன்ரேஸ் கைக்குப் போய்த் தைவானில் உற்பத்தி தொடங்கியபின் வந்தவற்றில் அந்த வெற்றிடம் இல்லாத வடிவம் உண்டு. பழையதை வைத்திருப்பவர்கள் கேபிளைத்தான் காவல் காக்க வேண்டும்.

காவல் காத்தும் ஏன் நழுவுகிறது?

மே 7

காது வைத்துக் கேட்டால் பாதி நோய் தெரியும். இரண்டிலும் மூன்றிலும் மிதிக்கும்போது டிக் டிக் என்று வர வேண்டும், முதல் கியரில் மிதிக்கும்போது மௌனம். அப்படியே இருக்கிறது. ஆனால் டிக் டிக் ஒழுங்காக இல்லை. இரண்டு தட்டு, ஒரு மந்தம், இரண்டு தட்டு.

ஒரு நாக்கு சோம்பேறி. எண்ணெய் பிசினாகிவிட்டதா?

எண்ணெய்த் துளையில் மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு, சக்கரத்தைப் படுக்க வைத்துப் புரட்டி, வடியவிட்டு, அப்புறம் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு தேக்கரண்டி. வடிந்தது காப்பிக் கஷாயம் மாதிரி. கிரீஸை உள்ளே அடைப்பவர்கள் இருக்கிறார்கள். நாக்குகளின் ஸ்பிரிங் மயிரிழைக் கம்பி, கிரீஸைத் தள்ளிக்கொண்டு எழ அதற்குப் பலம் போதாது. கிரீஸ் பேரிங் குண்டுகளுக்கு மட்டும்.

மந்தம் போகவில்லை.

மே 8

திறந்தாயிற்று.

இடப்பக்க லாக்நட், வாஷர், கோன் (பேரிங் குண்டுகள் உருளும் கூம்பு நட்). வலப்பக்கம் குண்டு வளையம்: அதில் இரண்டு வெட்டுக்குழி இருக்கும், ஒன்றில் மழுங்கிய உளியை வைத்து இடஞ்சுழியாகச் சுத்தியலால் தட்ட வேண்டும். முதல் தட்டுக்கு முன்னால் வளையத்திலும் ஓட்டிலும் நேர்க்கோடு கீறிவைப்பது அவசியம். அதன் மரை இரட்டை மரை. மூடும்போது மற்ற மரையில் ஏறிவிட்டால் சக்கரத்தின் கோட்டம் மாறும், பிறகு குற்றமே செய்யாத ஸ்போக்ஸைப் போட்டுத் திருகிக்கொண்டிருப்போம். சக்கரத்தில் இருக்கும்போதே தட்ட வேண்டும். ரிம்மிலிருந்து பிரித்த வெற்று ஹப்பில் இந்த வளையத்தைக் கழற்றுவது பெரும்பாடு, பிடிக்க எதுவும் இல்லை.

பதினோராவது தட்டில் அசைந்தது. உள்ளுறுப்பு முழுதும் ஒரே கொத்தாகக் கையில் வந்தது.

மே 9

பழைய வேட்டித்துண்டில் கழற்றிய வரிசையிலேயே பரப்பியது. ஃபோட்டோ எடுத்ததை விட இந்த வரிசை நம்பகமானது.

கிளட்சின் நான்கு கைகளும் கூர்மையாகத்தான் இருக்கின்றன. மழுங்கியிருந்தால் விளிம்பில் வெள்ளிப்பளபளப்பாகச் சரிவு தெரியும், மூன்றாவது கியர் பளுவில் வழுக்கும். சின்னப் பல்சக்கரங்களின் முளைகளும் நல்ல நிலை. ஆக்சில் சாவி வளையவில்லை. வலப்பக்க வளையத்தில் சின்னக் குண்டு 24, எண்ணிச் சரி.

இடப்பக்கக் கூட்டில் இரண்டு நாக்குகள். ஒன்றை விரலால் அழுத்திவிட்டால் துள்ளி எழுகிறது. மற்றது அழுத்திய இடத்திலேயே கிடக்கிறது. ஸ்பிரிங்கின் ஒரு கால் ஒடிந்திருக்கிறது. மந்தத்துக்கு விடை கிடைத்தது.

ஆனால் அந்த நாக்கு முதல் கியருக்கு வேலை செய்வது. இரண்டில் நழுவுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தெரிந்தும், கிடைத்த குற்றவாளியை விட மனம் வரவில்லை. ஸ்பிரிங் நான்கு சொல்லியிருக்கிறது, நாலு நாக்குக்கும்.

மே 10

வரவில்லை.

மே 11

வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் மற்ற வண்டியின் ஷிமானோ நெக்ஸஸ், எட்டு கியர் ஹப்.

இதில் வெற்றிடம் என்ற பேச்சே இல்லை, ஆனால் கேபிள் பிடிவாதம் அதேதான். நான்கில் வைத்து, ஹப் பக்கத்து ஜன்னலில் தெரியும் இரண்டு மஞ்சள் கோடுகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்து விடக் கூடாது. எட்டுக்குப் போய், ஒன்றுக்கு வந்து, மறுபடி நான்கு. அப்போதும் நின்றால்தான் நின்றது. கோட்டின் பாதி அகலம் விலகினாலே பளுவில் குதிக்கும், அந்தக் குதிப்பில் உள்ளே பல் தேயும்.

சக்கரம் கழற்றக் கேபிளோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு: ஒன்றில் போடு, கேபிள் சுற்றும் உருளையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதில் 2 மி.மீ. அலன்கீயோ ஒரு ஸ்போக்ஸ் துண்டோ செருகித் திருப்பு. கேபிள் தானே தொய்யும். நட்டின் அடியில் வரும் காதுள்ள வாஷர்கள் நிறத்தால் வேறுபடும், வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, ஃபோர்க் வெட்டின் சாய்வைப் பொறுத்து ஜோடி மாறும். இடம் மாற்றிப் போட்டால் ஆக்சில் சுழன்று கேபிள் அளவு முழுதும் பொய்யாகிவிடும்.

கியர் விகிதம் 0.527-இலிருந்து 1.615 வரை. அகலம்தான். ஆனால் படிகள் சமமில்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு 22 சதவீதம், மூன்றிலிருந்து நான்குக்கு 14, ஐந்திலிருந்து ஆறுக்கு மறுபடி 22. கால் இதை ஒருநாளும் மன்னிப்பதில்லை. ரோலாஃப் ஹப்பில் பதினான்கு கியரும் ஒரே 13.6 சதவீதப் படி. அந்தச் சமத்துக்குத்தான் அந்த விலை.

மே 12

பின் ஸ்பிராக்கெட்டும் மாற்றியாக வேண்டும். 21-ஆம் தேதியின் அந்த ஏற்றம்.

இப்போது செயின்வீல் 46, பின்னால் 18, சக்கரம் 26 அங்குலம். 46-ஐ 18-ஆல் வகுத்து 26-ஆல் பெருக்கினால் 66, இது இரண்டாவது கியரின் அளவு, கூடக் கூட மிதிக்கக் கனம். முதல் கியர் அதில் முக்கால், 50. ஏற்றத்துக்கு 50 என்பது முழங்காலைப் பிடுங்கும். 22 போட்டால் இரண்டு 54, ஒன்று 41, மூன்று 72. மூன்று பறக்காது. பறக்க வேண்டியதும் இல்லை.

இந்த ஹப் வாங்குகிற பலரும் இரண்டாவது கியரை வழக்கமான ஓட்டத்துக்கு வைத்துப் பல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு ஒன்றும் போதாமல் மூன்றும் பயன்படாமல் வாழ்நாள் முழுதும் இரண்டிலேயே ஓட்டுகிறார்கள். மூன்றைச் சமதளத்துக்கு வைத்துக்கொண்டால் கீழே இரண்டு கியர் மிச்சம்.

நாலு பல் கூடினால் செயினில் இரண்டு கண்ணி கூட வேண்டும். கூட்டாமல் விட்டால் ஆக்சில் வெட்டில் 12.7 மி.மீ. முன்னால் போகும். இடம் இருந்தால் அதுவும் சரியே, பிரேக் கட்டை ரிம்மில் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்பிராக்கெட் மூன்று காது, மேலே வட்டக்கிளிப். திருப்புளியால் நெம்பும்போது கிளிப் பறக்கும், கண்ணுக்கு நேரே குனியக் கூடாது. தட்டு கிண்ணம் போலக் குழிந்தது, குழிவு உள்ளேயா வெளியேயா என்பதில் செயின் நேர்க்கோடு சில மி.மீ. மாறும்.

மே 13

வரவில்லை.

மே 14

வந்தது. உறைக்குள் இருந்தது ஃப்ரீவீல் ஸ்பிரிங். படம் அனுப்பி, எண் அனுப்பி, இதுதானே என்று கேட்டு, ஆமாம் என்ற பதிலும் வாங்கி, ஃப்ரீவீல் ஸ்பிரிங்.

மே 15

ஏழு நாள். ஆறு.

மே 16

சரியானது வந்தது. ஒரு ஸ்பிரிங்கைத் தரையில் விழவிட்டுக் கால்மணி நேரம் காந்தத்தோடு தவழ்தல். நாலு சொன்னது நல்லது என்று நினைத்தால் நாலும் வேண்டியிருக்கிறதே, ஐந்தாகச் சொல்லியிருக்க வேண்டும். கிடைத்தது, மிதியடியின் மடிப்பில்.

மூடியது. உள்ளுறுப்பை ஓட்டில் இறக்கும்போது வலப்பக்கத்திலிருந்து பார்த்து இடஞ்சுழியாக மெல்லத் திருப்பிக்கொண்டே இறக்கினால் நாக்குகள் தாமாக மடங்கி உட்காரும். அழுத்தினால் ஒடியும். கீறிய கோட்டில் குண்டு வளையம். வலக் கோன் கையால் கடைசிவரை, அங்கிருந்து அரைச்சுற்று பின்னால், லாக்நட். அதன்பின் அதைத் தொடக் கூடாது. ஆட்டம் எடுப்பதெல்லாம் இடக் கோனில்தான், ரிம்மைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் உணரத்தான் வேண்டும், கண்ணுக்கு லேசாகத் தெரிந்தாலும் பாதகமில்லை. ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் கோன் தேயும், கியரும் இறுகும்.

டிக் டிக் இப்போது கடிகாரம்.

மே 17

நழுவியது.

இரண்டில். எழுந்தபோது. அதே இடம்.

மே 18

ஓட்டை வழியே பார்த்தால் கம்பி மறுபடி உள்ளே போயிருக்கிறது. நேற்றுச் சரிசெய்து சமமாக நிறுத்தியது. சரிசெய்யும் குழலின் லாக்நட் அசையவில்லை. கேபிள் புதுசு, நீள்வதெல்லாம் முதல் சில நாளோடு முடிந்திருக்க வேண்டும். அப்படியானால் நீளம் எங்கிருந்து வருகிறது?

மேல் பாரில் கேபிள் உறை முடியும் இடத்தில் ஒரு பட்டைக் கிளிப். அதன் விளிம்பை ஒட்டிப் பெயிண்ட்டில் பென்சில் கோடு. லீவரை முப்பது தடவை ஒன்றுக்கும் மூன்றுக்குமாகப் போட்டது.

கோட்டுக்கும் கிளிப்புக்கும் நடுவில் 2 மி.மீ. பெயிண்ட் தெரிகிறது.

ஒவ்வொரு முறை ஒன்றுக்கு இழுக்கும்போதும் உறை கிளிப்பைப் பின்னால் தள்ளுகிறது, கிளிப் மயிரிழை மயிரிழையாக நகர்கிறது, உள்ளே கேபிள் அந்த அளவு தொய்கிறது, இரண்டு என்று நான் நினைக்கும் இடம் வெற்றிடத்தின் விளிம்பாகிறது. உட்கார்ந்து மிதித்தால் தாங்கும். எழுந்தால் விடும். பதினாறு நாளாக ஹப்பை வைது, திறந்து, கழுவி, மூடியிருக்கிறேன். அது பாட்டுக்கு ஒழுங்காக இருந்திருக்கிறது.

கிளிப் கழற்றி, பாரில் எண்ணெய்ப்பசை துடைத்து, பழைய டியூப் ஒரு சுற்று. ஒரு சுற்றுதான். இரண்டானால் ரப்பர் நெளிந்து அதுவே தொய்வாகிவிடும். கிளிப் திருகு மரை தேய்ந்திருந்தது, புதுத் திருகு. புதுப் பென்சில் கோடு.

மே 19

அறுபது தடவை. கோடு இருந்த இடத்தில் கிளிப்.

வேறு கவலை: புது எண்ணெய் வலப்பக்கம் வழிகிறது. இந்த ஹப் கொஞ்சம் வழியத்தான் செய்யும், வழியாத ஹப்பில் எண்ணெய் இல்லை என்று பொருள். ஆனால் ஸ்போக்ஸ் வழியே ரிம்முக்கு ஏறினால் பிரேக் போகும். ஸ்பிரிட் நனைத்த துணியால் ரிம், கட்டைகளுக்கு உப்புத்தாள். சக்கரத்தை இன்று இரவு முழுதும் இடப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும்.

22 பல் மாட்டியாயிற்று. ஆக்சில் முன்னால் போனதால் மட்கார்டு டயரில் உரசுகிறது.

மே 20

மட்கார்டுக் கம்பி 5 மி.மீ. மேலே. பைக்குள்: 15 ஸ்பேனர் (இந்த ஆக்சில் நட்டுக்கு அளந்து பார்த்தது, படத்தை நம்பியது அல்ல), திருப்புளி, டியூப், கேபிள் ஒன்று, சின்னச் சங்கிலி மிகை ஒன்று. ஆக்சில் நீளத்துக்கு ஏற்ற கம்பிதானா என்று மாட்டிப் பார்த்து வைத்தது. நீளம் மாறினால் ஓட்டையில் பார்ப்பது எல்லாமே பொய்.

பென்சிலும்.

இரவு 11: கோடு அங்கேயே.