வடுவூர் ஏரி வந்ததும் நின்றுபோகும் ஏசி

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போக எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். மாதம் ஒரு தடவை அப்பாவை அங்கே மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். அவருக்கு 78 வயது. வெயில் ஏறினால் மூச்சு வாங்கும். போன பங்குனியில் ஆரம்பித்தது இந்தத் தொல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஏசி ஜில்லென்று இருக்கும். வடுவூர் ஏரி கண்ணில் படும் நேரத்துக்கு வெறும் காற்றுதான் வரும். ப்ளோயர் ஓடும், ஏசி பொத்தானில் விளக்கு எரியும், குளிர்ச்சி மட்டும் இருக்காது. அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைக்க ஆரம்பிப்பார். அதைப் பார்த்துத்தான் ஏசி போய்விட்டது என்று எனக்கே உறைக்கும்.

ஆஸ்பத்திரி நிழலில் வண்டி இரண்டு மணி நேரம் நின்றால் போதும், திரும்பும்போது பழையபடி குளிரும். சில நாள் போகவர ஒரு குறையும் இருக்காது. விட்டு விட்டு வரும் கோளாறில் இதுதான் கஷ்டம். கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே ஒழுங்காக ஓடும்.

முதல் கடையில் "கேஸ் கம்மி சார்" என்றார்கள். ஏற்றினோம். மூன்று வாரத்தில் மறுபடி அதே கதை. இரண்டாவது கடையிலும் கேஸ் ஏற்றினார்கள். அதற்கும் சரியாகாததால் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். நானே பார்த்துவிடுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். நான் மெக்கானிக் இல்லை. வீட்டு வயரிங், மிக்ஸி, பம்ப்செட் ஸ்டார்ட்டர் இதெல்லாம் பிரித்துப் பார்த்த பழக்கம் உண்டு, கையில் ஒரு மல்டிமீட்டர் உண்டு. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நோட்டில் குறித்துவைத்ததை இங்கே எழுதுகிறேன்.

வண்டி 14 வருடப் பழைய பெட்ரோல் கார். கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடும் வகை, முன்னால் மின்காந்தக் கிளட்ச் உண்டு. பெல்ட் சுற்றும் புல்லியோடு கம்ப்ரஸரைச் சேர்த்துப் பிடிப்பதும் விடுவதும் அதன் வேலை. ஏசி போட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம் வருமே, அது இந்தக் கிளட்ச் பிடிக்கிற சத்தம். புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச்சே கிடையாது. அந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பின் பின்பாதி பொருந்தாது.

முதலில் கேஸ் விஷயத்தைத் தீர்த்துக்கொள்ள நினைத்தேன். இந்தக் காரின் ஏசி கேஸான ஆர்-134ஏ, பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியலாம். மூன்று வாரத்தில் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, ஓட்டையைத் தேடாமல் கேஸ் மட்டும் ஏற்றுவதில் அர்த்தமே இல்லை. தவிர, குறைந்துபோன கேஸ் நிழலில் நின்றால் திரும்ப நிறைந்துவிடுமா? அந்த ஒரு கேள்வியை முதல் கடையிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவரிடம் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட் கேட்டேன், அவரே கொண்டுவந்து மாட்டினார். காலையில் இன்ஜின் ஓடாதபோது இரண்டு பக்கமும் 95 பிஎஸ்ஐ. 30 டிகிரியில் ஆர்-134ஏ-வின் அழுத்தம் 97-ஐ ஒட்டி இருக்கும், ஆகவே உள்ளே கேஸ் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. ஒரு சொட்டு திரவம் மிச்சம் இருந்தாலும் இதே அழுத்தத்தைத்தான் காட்டும். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டோம். தாழ்வழுத்தப் பக்கம் 42, உயரழுத்தப் பக்கம் 290. உயரழுத்தம் ரொம்ப அதிகம். "அண்ணே, கண்டென்சர் மூச்சுவிடல போல" என்றார் தம்பி.

ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் முன்பக்க வலைத்தகடுதான் கண்டென்சர், அதில் காற்று புகவில்லை என்கிறார். அவர் சொன்னது சரி. முன்பம்பரைக் கழற்றியதும் பார்த்த காட்சியை நம் பக்கத்து ஆட்கள் எல்லாரும் ஒரு தடவை பார்க்க வேண்டும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் பதரும் வைக்கோல் தூளும் மெத்தை மாதிரி அப்பியிருந்தது. சம்பா அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், அறுவடை மெஷின் ஓடும் வயலைத் தாண்டும்போது தூசி மேகமாக எழும்பும். நாம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறோம். அத்தனையையும் கண்டென்சர் இழுத்துக்கொள்கிறது. முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத் தெரியும், அழுக்கு இருப்பது பின்னால்.

தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை ரேடியேட்டர் பக்கமிருந்து முன்னோக்கி மெதுவாக விட்டுக் கழுவினேன். வாட்டர் சர்வீஸ் கன் வேண்டாம், மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். அரை வாளி பதர் வந்தது. உயரழுத்தம் 255-க்கு இறங்கியது. அதுவும் அதிகம்தான். மெஷின் வைத்திருக்கும் கடையில் கேஸை முழுக்க இழுத்து எடைபோடச் சொன்னேன். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 430 கிராம் என்று இருக்கிறது. உள்ளிருந்து வந்தது 520 கிராம்! கம்மி என்று இரண்டு தடவை காசு கொடுத்து ஏற்றிய கேஸ், இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. 430-ஐ மட்டும் அளந்து ஏற்றினார்கள், உயரழுத்தம் 220-க்கு வந்தது. கேஸ் குழாயை யாரும் வீட்டில் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சீறி வரும் திரவம் பட்டால் கண் போய்விடும். காற்றில் விடப்படும் ஒரு கிலோ ஆர்-134ஏ, ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு விட்ட அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.

ஏசி காற்று முன்பு 14 டிகிரி, இப்போது 9. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வாரம் அப்பாவோடு கிளம்பினேன். வடுவூர் தாண்டவில்லை, துண்டு கைக்கு வந்துவிட்டது.

அதற்கப்புறம் சில நாள் சின்னச் சின்ன சந்தேகங்களில் போயிற்று. கிளட்ச்சுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான ஏசி ரிலேவை ஹாரன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒரே எண். பலன் இல்லை. எலி வயரைக் கடித்திருக்குமோ என்று தேடினேன். ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கோல் கூடு இருந்தது, வயர் முழுசாக இருந்தது. கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறதா என்றும் பார்த்தேன். ஐஸ் கட்டினால் காற்றின் வேகம் குறைய வேண்டும், இங்கே காற்று குறையவே இல்லை.

பழுது ரோட்டில் வருகிறது, நான் வீட்டு வாசலில் தேடுகிறேன். இது புரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பழுது வரும் நிமிடத்தில் கிளட்ச்சுக்குக் கரண்ட் போகிறதா இல்லையா என்பதை ஓட்டும்போதே தெரிந்துகொண்டால் பாதிக் காரை ஒதுக்கிவிடலாம். கிளட்ச் கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கம் வயரோடு ஒட்டி ஒரு மெல்லிய ஊசியைச் செருகினேன். கழற்றிவிட்டு அளந்தால் பாதி அறுந்த வயரும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், சுமையோடு அளப்பதுதான் அளவு. ஊசியிலிருந்து ஒரு வயர், நடுவே 1 ஆம்பியர் ஃபியூஸ், பானெட் ஓரமாக வெளியே எடுத்துக் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, டேஷ்போர்டில் 2 வாட் பல்பு ஒன்றில் முடித்தேன். ஏசிக் கோளாறில் நான் செய்த வேலைகளிலேயே எனக்கு அதிகம் பிடித்தது இந்தப் பல்புதான். கிளட்ச்சுக்குக் கரண்ட் போனால் எரியும், நின்றால் அணையும்.

கத்திரி வெயிலில் ஒரு நாள் கிளம்பினோம். பல்பு எரிந்தது. ஏரிக்கு முன்னால் ஒரு தடவை அணைந்தது. கூலிங் காயில் போதுமான அளவு குளிர்ந்துவிட்டதால் ஏசியே கம்ப்ரஸரை நிறுத்துகிறது, இது இயல்பு. சில நொடியில் மறுபடி எரிந்தது. ஆனால் 'டக்' சத்தம் வரவில்லை. காற்று வெதுவெதுப்பானது. பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

புளியமர நிழலில் ஓரம் கட்டினேன். இன்ஜினை நிறுத்தாமல் பானெட்டைத் திறந்தேன். புல்லி சுற்றுகிறது, அதற்கு முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டு அசையாமல் நிற்கிறது. மீட்டரில் 13.7 வோல்ட். கரண்ட் வந்தும் காந்தம் தட்டை இழுக்கவில்லை. அப்பா இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். ஐம்பது வருடம் பம்ப்செட்டோடு இருந்தவர்.

"கொட்டகை ஸ்டார்ட்டர் மாதிரி இருக்குடா தம்பி. லோ வோல்டேஜ்ல பிளேட்டை இழுக்காது. கையால அமுக்கிவிட்டா பிடிச்சுக்கிட்டு ஓடும். பிடிச்சதை விடாது, விட்டதைப் பிடிக்காது."

அவர் சொன்ன அந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. நீளமான காய்ந்த மரக்குச்சியின் நுனியால் தட்டை நேராக ஒரு தள்ளு தள்ளினேன். 'டக்'. பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் உள்ளே குளிர். இதைச் செய்து பார்ப்பவர்கள் கையைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. வேட்டி, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

ஏன் இப்படி ஆகிறது என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். கிளட்ச்சுக்குள் காந்தத்தை உண்டாக்கும் காயில், செப்புக் கம்பிச் சுருள். காலையில் அளந்தால் 3.6 ஓம், வண்டி ஓடிச் சூடானபின் 4.4 ஓம். மீட்டர் வயர்கள் இரண்டையும் தொட்டால் வரும் 0.2-ஐக் கழித்தபின் உள்ள அளவு இது. செம்பு ஒரு டிகிரி சூடானால் மின்தடை சுமார் 0.4 சதவீதம் ஏறும், அந்தக் கணக்குப்படி காயில் கிட்டத்தட்ட 55, 60 டிகிரி சூடேறியிருக்கிறது. கரண்ட் 3.8 ஆம்பியரிலிருந்து 3.1-க்கு விழுகிறது. காந்தத்தின் இழுவிசை கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடுகிறது. தட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தால் மிச்சப் பலமே பிடித்துவைக்கப் போதும். விலகி நிற்கும் தட்டைத் தூரத்திலிருந்து இழுக்கத்தான் போதாது. தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி கூடக் கூட இழுவிசை வேகமாகக் குறையும்.

இடைவெளியை அளந்தேன். இன்ஜினை நிறுத்தி, பேட்டரி நெகடிவ்வைக் கழற்றி, சந்துக்குள் விட்டு அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் மூன்று இடத்தில்: 0.85, 0.9, 0.85 மி.மீ. பெரும்பாலான கம்ப்ரஸர்களுக்கு 0.3 முதல் 0.6 வரை இருக்க வேண்டும். அவரவர் வண்டிக் கையேட்டில் இருக்கும் எண்ணே சரியானது. 14 வருடத்தில் தட்டு தேய்ந்து விலகியிருக்கிறது. சுற்றிலும் செம்பழுப்புத் தூள், வழுக்கித் தேய்ந்ததற்கு அடையாளம்.

பழுது பார்த்தது எழுதுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. மெக்கானிக் தம்பியும் வந்தார். வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, வலது முன்சக்கரத்தையும் உள் மட்கார்டையும் எடுத்து, நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்தோம். அடியில் மோதிரம் மாதிரி இரண்டு ஷிம் வாஷர், இடைவெளியைத் தீர்மானிப்பவை இவைதான். ஒன்று 0.5 மி.மீ., இன்னொன்று 0.2. 0.5-ஐ எடுத்துவிட்டோம். உப்புத்தாளால் தூளைத் துடைத்து, போல்ட்டை முடுக்கி, மறுபடி அளந்தால் 0.35, 0.4, 0.35. தட்டைக் கையால் சுற்றினால் எங்கும் உரசவில்லை. உரசினால் ஏசி போடாதபோதும் தேய்ந்து சூடேறும், அதனால் ரொம்பக் குறைக்கவும் கூடாது. புதிய பொருள் ஒன்றும் வாங்கவில்லை.

பல்பைக் கழற்றாமல் வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினேன். தஞ்சாவூர் இரண்டு தடவை, உச்சி வெயிலில் நாகப்பட்டினம் ஒரு தடவை. பல்பு அணைவதும் எரிவதும் எண்ணிக்கை தெரியாத அளவுக்கு நடந்தது, ஒவ்வொரு தடவையும் எரிந்த கையோடு 'டக்'. போன வாரம் வடுவூர் ஏரி தாண்டும்போது அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். துண்டைத் தோள் இரண்டையும் மூடிப் போர்த்தியிருந்தார். "காத்தை அந்தப் பக்கம் திருப்பி விடுப்பா" என்றார்.

எடுத்த ஷிம்மை ஒரு கவரில் போட்டு, மேலே 0.5 என்று எழுதி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இடைவெளியைத் தீபாவளிக்கு முன் ஒரு தடவை அளக்க வேண்டும். தை அறுவடை முடிந்ததும் பம்பரைக் கழற்றிப் பதரை எடுக்க வேண்டும்.