கடை மூடிய கேப்டன்

அமெரிக்க அதிபராக இருந்த ட்ரூமன் என்றால் நமக்கு ஜப்பான் மீது போட்ட அணுகுண்டுதான் ஞாபகம் வரும், அந்த முடிவை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. ஆனால் அவர் அதிபராவதற்கு முந்தைய வாழ்க்கை சில நாட்களாக மனதிலேயே நிற்கிறது.

கண் பார்வை ரொம்ப மோசம், தடிமனான கண்ணாடி. அப்படிப்பட்டவர் முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போய், 1918இல் ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்கு கேப்டனாக இருந்தார். திரும்பி வந்து, ராணுவ முகாமில் தன்னோடு கேன்டீன் நடத்திய நண்பர் எடி ஜேக்கப்சனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு 1919 நவம்பரில் கான்சாஸ் சிட்டியில் ஒரு கடை போட்டார். ஆண்களுக்கான பட்டுச் சட்டை, டை, தொப்பி. கூடப் போரிட்டவர்களே வாடிக்கையாளர்கள், நல்ல வியாபாரம். அப்புறம் விலைவாசி சரிந்தது. அதிக விலைக்கு வாங்கி அடுக்கிய சரக்கு அலமாரியிலேயே மதிப்பிழந்து கிடந்தது. 1922இல் கடையை மூடினார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது இதற்கு அடுத்த கட்டம்தான். அவர் திவால் மனு கொடுக்கவில்லை, வருடக்கணக்காகக் கடனை அடைத்தார். அதே 1922இல் ராணுவ நண்பர் ஒருவரின் குடும்பச் செல்வாக்கோடு ஜாக்சன் கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தலில் ஜெயித்தார். பதவியின் பெயர் நீதிபதி, பார்த்ததோ சாலை, பட்ஜெட் வேலை. ரிசர்வ் படையில் கர்னல் வரை உயர்ந்தார். 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தேர்வானார். 1941 முதல் போர்க் கான்ட்ராக்டுகளில் நடந்த வீண்செலவை விசாரித்த செனட் குழுவுக்குத் தலைமை வகித்தார்.

சரக்கு தேங்கினால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த ஆள் கணக்குக் கேட்கிறார், அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.