1.6 மியாட்டாவுக்கு டோர்சன் தேடிப் பட்ட பாடு

பழைய கார் உடைக்கிற யார்ட்டில் "எல்எஸ்டி இருக்கு" என்று சொன்னால், காசு கொடுக்க முதல் பில்லில் "டோர்சன்" என்று எழுதச் சொல்லுங்கோ. எனக்குக் காசு திரும்பி வந்தது அந்த ஒரு சொல்லால்தான். எஞ்சின் பலத்தை இரண்டு பின்சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற பற்சில்லுப் பெட்டிதான் டிஃப் (டிஃபரென்ஷியல்). ஒரு சில்லு வழுக்கினாலும் மற்றதுக்குப் பலம் போக வைக்கிற டிஃப்பை எல்எஸ்டி என்பார்கள், டோர்சன் அதில் ஒரு வகை.

என்னுடையது 1991 மாஸ்டா மியாட்டா, 1.6 லீற்றர் எஞ்சின், எல்எஸ்டி இல்லாத சாதாரண ஓப்பன் டிஃப். மழைக்குள் ஹைவேக்கு ஏறுகிற வளைவில் கொஞ்சம் அழுத்தினாலே உள்பக்கப் பின்சில்லு சும்மா சுத்தும், கார் இழுக்காது. எதைப் போடுவது என்று முடிவெடுக்கக் கன நேரம் எடுக்கவில்லை. வட அமெரிக்காவில் 1.6க்கு மேலதிகக் காசுக்குக் கிடைத்தது விஸ்கஸ் வகை எல்எஸ்டி. உள்ளே இருக்கிற சிலிக்கோன் திரவம் வயது போகப் போகப் பலம் இழக்கும். இவ்வளவு பழசை நம்பி வாங்க ஏலாது. கிளட்ச் தட்டு வகை நல்ல பிடி, ட்ரிஃப்ட் ஓடுகிறவர்களுக்குச் சரி. ஆனால் தட்டுத் தேயும், பிறகு கழட்டித் திரும்பக் கட்டவேணும், பார்க்கிங்கில் வளைத்துத் திருப்பும்போது கடகடக்கும். 1994இல் 1.8 எஞ்சினோடு வந்த டோர்சன் முழுக்கப் பற்சில்லு வேலை. தினமும் வேலைக்கு ஓடுகிற காருக்கு அதுதான் என்று முடிவெடுத்தேன்.

ஆனால் 1.6இன் ரிங் கியர் (டிஃப்புக்குள் இருக்கிற பெரிய வளையப் பற்சில்லு) 6 அங்குலம், 1.8க்கு 7. டிஃப்பை மட்டும் வாங்கிப் பிரயோசனமில்லை. 1.8இன் பின் அக்சில் இரண்டும், கியர்பொக்ஸிலிருந்து டிஃப்புக்கு வருகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து வேணும். ரொறன்ரோவுக்கு வெளியே இருந்த ஒரு யார்ட்டில் கவுண்டரில் நின்றவருக்கு இதைச் சொன்னால், "பழைய அக்சிலே பொருந்தும்" என்று அடித்துச் சொன்னார். 1.8 எல்லாவற்றிலும் எல்எஸ்டிதான் வரும் என்றும் சொன்னார். இரண்டும் பிழை. டோர்சனும் புதுக் காரில் மேலதிகக் காசு கட்டி வாங்கின சாமான்தான், 1.8இலும் ஓப்பன் டிஃப்போடு வந்தவை தாராளம். அதனால்தான் பில்லில் எழுதச் சொல்லி நின்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுதினார்.

சாமான் வந்த அன்றே அக்சில் போகிற ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தேன். கறுத்த ஒயிலுக்குப் பின்னால், நடுவில் குறுக்காக ஒரு இரும்புக் கம்பி (பின்) மினுங்கியது. இரண்டு பக்கமும் சின்னப் பற்சில்லு. அச்சொட்டான ஓப்பன் டிஃப்! திருப்பிக் கொண்டுபோனால், "பாவித்த சாமான் திருப்பி எடுக்கிறதில்லை" என்று சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டினார். நான் பில்லைக் காட்டினேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. மேலாளரைக் கூப்பிடச் சொல்லி, அவர் கையில் டோர்ச்சைக் கொடுத்து, அந்தப் பின்னைப் பார்க்க வைத்தேன். அதற்குப் பிறகுதான் முழுக்காசும் வந்தது. பாரமான இரும்பை ஏற்றி இறக்கின மினக்கேட்டுக்கு ஒருத்தரும் ஒன்றும் தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கடைசியில் முன்பக்கம் அடிபட்ட 1995 மியாட்டா ஒன்றைப் பிரித்து விற்றவரிடம் டிஃப், அக்சில், ஷாஃப்ட் எல்லாம் ஒரே காரிலிருந்து எடுத்தேன். அந்தக் கார் ஜாக்கில் நிற்கும்போதே பார்த்துவிட்டேன்: நியூட்ரலில் ஒரு பின்சில்லைக் கையால் சுத்த, மற்றதும் அதே பக்கம் சுத்தியது. ஓப்பன் என்றால் எதிர்ப்பக்கம் சுத்தும். நீங்களும் கழட்ட முதல் இதைச் செய்து பாருங்கோ.

பூட்டுகிற வேலையில் துருதான் எதிரி. ஒன்ராறியோ உப்பு ரோட்டில் ஓடின காரில் பின் சஸ்பென்ஷனின் நீட்டுப் போல்ட்டுகள் புஷ்ஷுக்குள் ஒட்டிப்போய்விடும். முதல் நாளே துரு இளக்குகிற ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கோ. அக்சில் நட்டுக்கு 29 மிமீ சொக்கெட்டும் நீட்டுப் பிடியும் வேணும்.

இப்போது அதே வளைவில் கார் இரண்டு சில்லாலும் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. பட்ட பாடெல்லாம் அதற்குத் தகும். ஆனால் ஒரு சில்லு முழு ஐஸில் நின்றால் டோர்சனாலும் ஏலாது. பிடி உள்ள சில்லுக்கு அது கொடுக்கிறது, வழுக்குகிற சில்லு தாங்குகிறதின் சில மடங்குதான், பூச்சியத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூச்சியம். வழுக்குகிற சில்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்க, ஹான்ட்பிரேக்கை லேசாக இழுத்துக்கொண்டு அழுத்தினால் கிளம்பும். வின்ரர் ரயர் கட்டாயம்.

இன்னொன்று, டிஃப்பின் பழைய பல் விகிதம் (சில்லு ஒரு முறை சுத்த ஷாஃப்ட் எத்தனை முறை சுத்தும் என்பது) 4.3, 1995 காரினது 4.1. ஸ்பீடோ கேபிள் கியர்பொக்ஸிலிருந்து வருவதால், மீற்றர் 100 காட்டும்போது உண்மையில் கிட்டத்தட்ட 105இல் போவீர்கள். பொலிஸ் டிக்கெட் வரமுதல் மனதில் வைத்திருங்கோ.

டிஃப்புக்கு ஊற்றுகிற கியர் ஒயில் 75டபிள்யூ-90 ஜிஎல்-5, ஒரு லீற்றர் காணும். கிளட்ச் வகைக்கு ஊற்றுகிற மேலதிக மருந்து இதற்குத் தேவையில்லை. "தம்பி, முதல் மேல் போல்ட்டைக் கழட்டு, பிறகு கீழ்ப் போல்ட்டைத் தொடு" என்றார் எனக்கு உதவிய மெக்கானிக் அண்ணை. ஒயில் ஊற்றுகிற மேலது இறுகி நின்றால், கீழதால் வடித்த பிறகு புது ஒயில் ஊற்ற வழியிராது.