‘ஆச்சும்’னு வந்தா எந்தப் பக்கம் – ஜூலை நாட்குறிப்பு

2025 ஜூலை 7, திங்கள்

அண்ணன் மக பிளஸ் ஒன் சேந்ததுலருந்து மதுரைல எங்க வீட்டுலதான் இருக்கா, சாயங்காலம் அவளோட சேத்து தெருப் பசங்க நாலு பேருக்கும் கணக்கு சொல்லித் தரேன். இன்னைக்கு நேரிய அசமன்பாடு, அதாவது ‘சமம்’னு போடாம பெருசு, சின்னதுன்னு குறி போட்டு எழுதுற கணக்கு. போர்டுல எழுதிக் குடுத்தா டக்கு டக்குன்னு போட்டுட்டாங்க. சரி வாக்கியக் கணக்கு ஒண்ணு போடுவோம்னு, மூணு டெஸ்ட்டோட சராசரி குறைந்தபட்சம் 60 இருக்கணும், ரெண்டுல 52, 61 வாங்கியாச்சு, மூணாவதுல எவ்ளோ வேணும்னு கேட்டேன். அஞ்சு பேர்ல நாலு பேரு 67 இல்லன்னா அதுக்குக் கீழன்னு விடை எழுதி வச்சிருக்காங்க! கூட்டல் வகுத்தல் எல்லாம் சரி, குறி மட்டும் தலைகீழ். ஏண்டின்னு கேட்டா அண்ணன் மக சொல்றா, “குறைந்தபட்சம்னுதான அத்த போட்டிருக்கு, குறைஞ்சதுன்னா சின்னதுதான, அதான் சின்னது குறி போட்டேன்”.

ராத்திரி படுத்தும் அதே நினைப்புதான். அந்தப் புள்ள மேல தப்பே இல்ல. ‘குறைந்தபட்சம்’ங்கிற சொல்லுக்குள்ளயே ‘குறை’ உக்காந்திருக்கு, ஆனா அது கேக்குறது 60ம் அதுக்கு மேலயும். ‘மிகாமல்’ல ‘மிகு’ இருக்கு, கேக்குறது கீழ. நானும் இத்தனை வருஷமா சொல்லிக் குடுக்கிறேன், இது என் கண்ணுல படவே இல்லையே.

ஜூலை 8, செவ்வாய்

இன்னைக்கு கணக்கே போடல. புத்தகத்துல இருக்கிற வரிய வீட்டுல எப்படிப் பேசுவீங்களோ அப்படி சொல்லுங்கன்னேன், அவ்ளோதான். ‘குறைந்தபட்சம் 35 மதிப்பெண்’னு சொன்னதும் ஒரு பையன் யோசிக்காம “35 ஆச்சும் எடுக்கணும்”னான். அதேதாண்டா! ‘ஆச்சும்’னு வாய்ல வந்துட்டா ≥, அந்த நம்பரும் சேத்தி. ‘500க்கு மிகாமல்’ங்கிறத “500 வரைக்கும் போலாம், தாண்டக் கூடாது”ன்னு இன்னொரு புள்ள சொல்லுச்சு, அது ≤. ‘18 வயதுக்குக் குறையாமல்’ங்கிறது “18 ஆச்சும் ஆயிருக்கணும்”. ‘100க்கு மேல்’னு மட்டும் இருந்தா 100 சேராது, அதனால கீழ கோடு இல்லாத வெறும் >. ‘க்குள்ள’ங்கிறதுலதான் கொஞ்ச நேரம் சண்ட நடந்துச்சு, பத்து மணிக்குள்ள வான்னா சரியா பத்துக்கு வந்தா திட்டு விழுமா விழாதான்னு, அது வீட்டுக்கு வீடு மாறும்னு விட்டுட்டோம்.

அப்பறம் இந்த எக்ஸையும் தூக்கிட்டோம். மார்க்குன்னா ‘ம’, நாளுன்னா ‘நா’. எத கண்டுபிடிக்கிறோம்னே மறந்துபோறதுதான் பாதி தப்புக்குக் காரணம். போகும்போது ஒருத்தன் இந்தக் குறிய யாரு கண்டுபிடிச்சான்னு கேட்டான். > < ரெண்டும் மொதமொதல்ல அச்சுல வந்தது 1631ல, இங்கிலாந்துக்காரர் தாமஸ் ஹாரியட் எழுதின புத்தகத்துல, அதுவும் அவரு செத்து பத்து வருஷம் கழிச்சு வந்த புத்தகம். சமக்குறி அதுக்கும் முன்னாடி, 1557. சமம்னு எழுத குறி வந்து எழுபது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு சமம் இல்லன்னு எழுத குறி வர்றதுக்கு, அத சொன்னப்ப பசங்க முகத்த பாக்கணுமே.

ஜூலை 10, வியாழன்

கரண்ட் பில்லு கணக்கு. நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ரீடிங், மொத 100 யூனிட் இலவசம், 500 தாண்டிட்டா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழ இருக்கிற யூனிட்டுக்கும் ரேட்டு மாறிடும். அதனால எங்க வீட்டுல 500தான் எல்லை. அஞ்சு பேரையும் வாசலுக்குக் கூட்டிட்டுப் போயி மீட்டர் முன்னாடி நிக்க வச்சேன், சிவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிச்சிட்டிருந்துச்சு, போன ரீடிங்க கழிச்சுப் பாத்தா 318. இன்னும் 26 நாள் இருக்கு.

ஒரு நாளைக்கு ‘யூ’ யூனிட்டுன்னா 318 + 26யூ ≤ 500. ரெண்டு பக்கமும் 318 போனா 26யூ ≤ 182, யூ ≤ 7. ஏசி இல்லாமலே ஒரு நாளைக்கு சுமாரா 4 ஆகுது, ஏசிய மூணு மணி நேரம் ஓட்டி மீட்டர பாத்ததுல அதுக்கு மட்டும் மணிக்கு 1.2 வந்துச்சு. அப்ப 4 + 1.2ம ≤ 7, ம ≤ 2.5, இங்க ‘ம’ன்னா மணி. அண்ணன் மக நேரா போயி ரிமோட்டுல டைமர் வச்சுட்டு வந்தா.

ஜூலை 13, ஞாயிறு

மைனஸ் நாள். கையில 500 ரூபா, தினம் 35 ரூபா டிபனுக்கு, நோட்டு வாங்க 120 ரூபாயாச்சும் மிச்சம் இருக்கணும், எத்தன நாள் ஓட்டலாம்? 500 − 35நா ≥ 120. அதுலருந்து −35நா ≥ −380, இப்ப −35 ஆல வகுக்கும்போது குறி திரும்பணும். திரும்பும்னு மனப்பாடமா தெரியுது, ஏன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல.

திண்ணைல சாக்பீஸால நீளமா கோடு போட்டு நடுவுல 0 போட்டேன். அண்ணன் மகள 3லயும் ஒரு பையன 5லயும் நிக்க வச்சு, யாரு பெரியவங்கன்னா 5. இப்ப ரெண்டு பேரும் நம்பர மாத்தாம பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் போங்கன்னேன். இவ −3ல, அவன் −5ல. அவன் இன்னும் தள்ளிப் போயி இடது கோடியில நிக்கிறான். “அத்த, இப்ப நாந்தான் பெருசு!”ன்னு கத்துனா பாருங்க, எதுத்த வீட்டு அக்கா எட்டிப் பாத்தாங்க. மைனஸ்ல பெருக்குறது வகுக்குறது ரெண்டுமே எல்லாத்தையும் இப்படி பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போடுறதுதான், அதான் வரிசை மாறுது.

அப்ப நா ≤ 10.86. உடனே 11ன்னு எழுதிட்டாங்க, புள்ளி அஞ்சுக்கு மேல போனா ஏத்தணும்னு பழக்கம். 11 நாள்னா 385 செலவு, மிச்சம் 115தான், நோட்டு வாங்க முடியாது. 10தான் சரி. நேர்மாறா, அழகர்கோவிலுக்கு 26 பேரு போகணும், வேன்ல 12 சீட்டு, 12வே ≥ 26, வே ≥ 2.17, இங்க 2ன்னு எறக்குனா ரெண்டு பேரு தெருவுல நிப்பாங்க. ஏத்துறதா எறக்குறதாங்கிறத புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற நம்பர் சொல்லாது, கணக்குல இருக்கிற ஆளுங்கதான் சொல்லணும்.

ஜூலை 16, புதன்

இன்னைக்கு நான் ஒண்ணும் சொல்லல, அண்ணன் மக தானாவே மீட்டர பாத்துட்டு வந்தா. 357. ஆறு நாள்ல 39 யூனிட், ரெண்டு நாள் மழ பேஞ்சதுல கொஞ்சம் மிச்சம். காலண்டர் பின்னாடியே எழுதுறா: 357 + 20யூ ≤ 500, யூ ≤ 7.15. அதுக்குக் கீழ 4 + 1.2ம ≤ 7.15, ம ≤ 2.625. பென்சில வாயில வச்சுக்கிட்டு 0.625ஐ அறுபதால பெருக்கி 37.5ன்னு போட்டா, ஒரு நிமிஷம் யோசிச்சு அந்த அரைய அடிச்சா.

“அத்த, ரெண்டு மணி முப்பத்தேழு நிமிஷம்.”