அப்பா ஒரு நாளும் குடித்ததில்லை

வீட்டில் யாருக்காவது திடீரென்று கால் தள்ளாடி, நாக்குக் குழறி, சில மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிடுகிறதா? முதல் தடவை என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பக்கவாதமாகக்கூட இருக்கலாம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள், ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அடுத்த தடவை வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் செல்போனைக் கொடுத்து, நடையையும் கண்ணையும் கிட்ட வைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். என் நோயின் பெயர் எனக்குத் தெரிய 19 வருஷம் ஆனது. அதைத் தெரியவைத்தது என் பெரியவள் எடுத்த 40 விநாடி வீடியோ.

எனக்கு ஊர் நீடாமங்கலம் பக்கம். ப்ளஸ் டூ படிக்கும்போது ஒரு நடவு நாளில் முதல் தடவை வந்தது. நடுகிற பெண்களுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் போகிறேன், வரப்பே இடது பக்கம் சாய்கிறது. தூக்கு சேற்றில், நான் வாய்க்காலில். நினைவு தப்பவில்லை, அதுதான் கொடுமை, எல்லாம் காதில் விழுகிறது, பதில் சொல்லப் போனால் வார்த்தை வழவழவென்று வருகிறது. "அப்பனை மாதிரியே" என்று யாரோ சொன்னதும் விழுந்தது.

அப்பாவுக்கும் இது இருந்தது. வேலை அதிகமான நாள், காய்ச்சல் நாள், பங்காளிகளோடு வாய்த்தகராறு வந்த நாள் என்றால் திண்ணைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஊர் முழுக்க அவர் குடிக்கிறார் என்றே நம்பியது. அம்மாவே சில வருஷம் அவர் சட்டையை மோந்து பார்த்திருக்கிறாள். எனக்குக் கல்யாணமான மறு வருஷம் மாரடைப்பில் போய்விட்டார், அந்தப் பேரோடேயே.

எனக்குக் காதுக் கோளாறு என்று தலைசுற்றல் மாத்திரை, ரத்தசோகை என்று டானிக், ஒரு ஆஸ்பத்திரியில் வெறும் டென்ஷன் என்று தூக்க மாத்திரை. எம்ஆர்ஐ நார்மல். மனக்கோளாறு தீரும் என்று நம்பி அம்மா என்னைக் குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்கவைத்தாள். அந்த நாட்களை நான் குறை சொல்ல மாட்டேன், அங்கே ஒரே ஒரு தடவைதான் வந்தது. வெயிலில் வேலை இல்லை, மனசுக்கு அமைதி, காபியும் கிடையாது. அது எவ்வளவு பெரிய துப்பு என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டர். அவர் ஸ்கேனைக்கூட முதலில் பார்க்கவில்லை. எத்தனை மணி நேரம் இருக்கும், எதற்குப் பிறகு வரும், வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். வீடியோவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். அதில் என் கண்மணி மெதுவாக மேலே நழுவுகிறது, உடனே வெடுக்கென்று கீழே இறங்குகிறது, மறுபடி நழுவுகிறது. "இது காது இல்லம்மா, சிறுமூளை" என்றார். ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டார். ஐந்து டம்ளர்.

அவரும் டெல்டாக்காரர் என்பதால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "மூணாறு தலைப்புல ஷட்டர் பார்த்திருப்பீங்கள்ல?" பார்க்காமல் என்ன, வெண்ணாறு வந்து கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற இடம், எந்த ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார்களோ அந்தப் பக்கத்துக்கு அவ்வளவு தண்ணீர். நரம்பணுவின் மேல்சவ்விலும் அப்படி ஷட்டர்கள் இருக்கின்றன, அவை புரதத்தால் ஆனவை. வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம், அணை நிறைய நிற்கிற மாதிரி. மின்சமிக்ஞை வந்து தட்டியதும் ஷட்டர் கண் இமைப்பதற்குள் திறந்து மூடுகிறது. அந்த இடைவெளியில் கால்சியம் பாய்ந்தால்தான் அடுத்த நரம்புக்குச் செய்தி போகும். இதில் பி வகை என்று ஒன்று உண்டு. அந்த 'பி' சிறுமூளையில் இருக்கும் பர்கின்ஜி செல்களைக் குறிக்கிறது, அங்கேதான் இது அடர்த்தியாக இருக்கிறது. நடை, பேச்சு, கண் அசைவு எல்லாவற்றுக்கும் தாளம் போடுகிற செல்கள் அவை.

இந்தப் புரதத்துக்கான மரபணு 19-வது குரோமோசோமில் இருக்கிறது, பெயர் சிஏசிஎன்ஏ1ஏ. 1996-ல்தான் இந்த நோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவில் வேறு விதமாகக் கோளாறு வந்தால் உடம்பில் ஒரு பக்கம் செயலிழக்கிற ஒற்றைத் தலைவலியும் வருமாம்.

ஊதா மூடி போட்ட குழாயில் என் ரத்தத்தையும் அம்மா ரத்தத்தையும் எடுத்து அனுப்பினார்கள். ஆறு வாரம். எனக்கு இருக்கும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பாதியிலேயே நின்றுபோகிறது, அதனால் ஷட்டர்கள் குறைச்சல். அமைதியான நாளில் மூளை சமாளித்துக்கொள்கிறது, அலைச்சலும் மனக்கொதிப்பும் காபியும் சேர்ந்தால் தாளம் தப்புகிறது. நோயின் பெயர் எபிசோடிக் அட்டாக்சியா, அதாவது விட்டுவிட்டு வரும் தள்ளாட்டம், அதில் இரண்டாம் வகை. அம்மாவிடம் அந்த மாற்றம் இல்லை.

கால்சியம் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேழ்வரகு, முருங்கைக்கீரை, கால்சியம் மாத்திரை என்று கொண்டுவந்து குவித்தார்கள். என் ரத்தத்தில் கால்சியம் சரியாகத்தான் இருக்கிறது. வயல் காய்வது மேட்டூரில் தண்ணீர் இல்லாததால் அல்ல, ஷட்டர் போதாததால். மாமியார் சாப்பிடும் பிரஷர் மாத்திரை கால்சியம் சேனலை அடைக்கும் என்று கேள்விப்பட்டுப் பயந்துபோய் டாக்டரிடம் கேட்டேன். அந்த மாத்திரை முக்கியமாக அடைப்பது ரத்தக்குழாயில் இருக்கும் வேறு வகை, அவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்றார்.

எனக்குக் கொடுத்தது அசிட்டசோலமைட். மருந்துக்கடையில் "யாருக்குக் கண் அழுத்தம்?" என்று கேட்டார்கள், பெரும்பாலும் அதற்குத்தான் வாங்குவார்களாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். விரல் நுனி, உதடு எல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சிறுநீரகக் கல் வரலாம், அதனால் தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் பன்னீர் சோடா வாங்கினால் சுருக்கென்ற காரமே இல்லாமல் சப்பென்று இருந்தது, அதுவும் இந்த மாத்திரையின் வேலைதான். சரி, சோடா போகட்டும். மாதம் நான்கு தடவை வந்தது, போன வருஷம் முழுக்க இரண்டே தடவை.

பிள்ளைகளுக்கு வர ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டு பேருக்கும் இதுவரை ஒன்றுமில்லை, டெஸ்ட் எடுக்கவில்லை. பெரியவள் வளர்ந்ததும் அவளே முடிவெடுக்கட்டும்.

ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டியபோது அம்மா ஒன்றுதான் கேட்டாள். "இந்த மாத்திரை உங்கப்பா இருக்கறப்பவே இருந்திச்சா?" இந்த நோய்க்கு இந்த மருந்து கேட்கும் என்று 1978-லேயே எழுதியிருக்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாள் கழித்துச் சொன்னேன். அம்மா பேசவில்லை, ரிப்போர்ட்டை வாங்கி அப்பா போட்டோவுக்குப் பின்னால் சொருகி வைத்தாள். போன தடவை தஞ்சாவூருக்கு நான் ஜெராக்ஸைத்தான் எடுத்துப்போனேன்.